ஜூலியா சைல்டும் பிரான்சும் சாப்பாடும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் பேச்சு எங்கே தொடங்கினாலும் நான் கடைசியில் ஜூலியா சைல்டிடம் வந்து நின்றுவிடுவேன். வீட்டில் இது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. கேலி செய்கிறவர்களே அப்புறம் கேள்வியும் கேட்கிறார்கள், ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

யார் இந்த ஜூலியா சைல்ட்? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் அடங்கமாட்டார். 1912 ஆகஸ்ட் 15 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்த அமெரிக்கர். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். 36 வயதில் கணவரின் வேலை மாற்றலால் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்குச் சமையலும் சரியாக வராது, பிரெஞ்சும் தெரியாது. 1961-இல் இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து அமெரிக்க வீடுகளுக்கான பிரெஞ்சு சமையல் நூலை வெளியிட்டார், 1963-இலிருந்து டிவியில் சமைத்துக் காட்டினார், பிறகு அமெரிக்காவில் அவர் குரலைத் தெரியாதவர்கள் குறைவு.

எனக்குப் பிடித்தது டிவி காலம் இல்லை. அதற்கு முந்தைய பாரிஸ் ஆண்டுகள். சமையல் தெரியாத வெளியூர்க்காரி என்பதுதான் அவருடைய பலமே என்பது என் கட்சி. உள்ளூர்க்காரர்களுக்குக் கேட்கவே தோன்றாத கேள்விகளை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இலங்கையில் உளவாளியாக இருந்தாராமே, உண்மையா?

இலங்கையில் இருந்தது உண்மை. உளவாளி என்பது கொஞ்சம் உப்புக் கூடிய பேச்சு.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பெண்கள் பிரிவில் சேரப் பார்த்தார், உயரம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் ஓ.எஸ்.எஸ். என்ற போர்க்கால உளவு அமைப்பில் டைப்பிங், ஃபைலிங் வேலைக்குச் சேர்ந்தார். வாஷிங்டனில் சில காலம், கடலில் விழுந்த வீரர்களைச் சுறா அண்டாமல் இருக்க ஒரு மருந்து தயாரிக்கும் பிரிவில் இருந்தார். தாமிர அசிடேட்டும் கறுப்புச் சாயமும் கலந்த வில்லை அது. அவர் கலக்கிய முதல் ரெசிபியே சுறாவுக்குப் பிடிக்காத ரெசிபி என்று ஒரு ஜோக் உண்டு.

1944-இல் கண்டிக்கு அனுப்பப்பட்டார். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. ரகசியக் காகிதங்கள் வந்து போகும் பதிவுப் பிரிவுக்கு ஜூலியா பொறுப்பு. அதாவது துப்பாக்கி தூக்கி ஓடவில்லை, ஆனால் யார் துப்பாக்கி தூக்கி ஓடினார்கள் என்ற தாள்கள் அவர் மேஜையைத் தாண்டித்தான் போயின.

கண்டியில்தான் பால் சைல்டைச் சந்தித்தார். ஜூலியாவைவிடப் பத்து வயது மூத்தவர், ஓவியர், புகைப்படக்காரர், ஏற்கனவே பாரிஸில் வாழ்ந்து ருசி கண்ட நாக்கு. இருவரையும் பிறகு சீனாவின் குன்மிங்குக்கு மாற்றினார்கள், அங்கே சீனச் சாப்பாட்டுக் கடைகளில் சேர்ந்து சாப்பிட்டே நெருக்கமானார்கள். 1946 செப்டம்பர் 1 அன்று கல்யாணம். முந்தின நாள் கார் விபத்து, அதனால் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை கையில் ஊன்றுகோல், பெண் தலையில் கட்டு.

பிரான்சுக்குப் போகும்போது அவருக்குச் சமைக்கத் தெரியாதா, சும்மா சொல்கிறார்களா?

தெரியாது என்றால் நிஜமாகவே தெரியாது. வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்த வசதியான குடும்பம். கணவர் பாலை அசத்துவதற்காகக் கன்றுக்குட்டி மூளையைச் சிவப்பு ஒயினில் வேகவைத்தார், பார்க்கவும் சகிக்கவில்லை, வாயிலும் வைக்க முடியவில்லை. கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்கிற தப்புதான், ரசம் வைக்கத் தெரிவதற்கு முன்னால் பிரியாணிக்குத் தாவுவது.

பிரான்சில் இறங்கியதும் அவர் சாப்பிட்ட முதல் மதிய உணவைப் பெரிதாகச் சொல்கிறார்களே, அப்படி என்ன சாப்பிட்டார்?

1948 நவம்பர் 3. கப்பல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் நின்றது, கப்பலிலேயே கொண்டுவந்த நீல நிற பியூக் காரை இறக்கிக்கொண்டு பாரிஸை நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் ரூவான் நகரம். அங்கே லா கூரோன் என்று ஒரு உணவகம், 1345-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிற கட்டடம். பால்தான் பிரெஞ்சில் பேசி ஆர்டர் செய்தார். முதலில் சிப்பி, பிறகு மீன், பிறகு ஒரு பச்சைக் கீரை சாலட், தயிர் மாதிரியான வெள்ளைப் பாலாடைக்கட்டி, கடைசியில் காபி. கூடவே பூய்யி ஃப்யூமே என்ற வெள்ளை ஒயின். பகல் சாப்பாட்டுக்கு ஒயினா என்பதே ஜூலியாவுக்குப் புதிது.

அந்த மீன்தான் கதை. சோல் மெனியேர். சோல் என்பது தட்டை மீன், நம்மூர் நாக்கு மீனுக்குத் தூரத்துச் சொந்தம். மெனியேர் என்றால் மாவு மில்காரரின் மனைவி. காரணம் எளிது, மீனில் மாவைத் தூவிப் பொரிப்பதால். உப்பு, மிளகுத்தூள் தடவி, மாவில் ஒரு புரட்டுப் புரட்டி, மிச்ச மாவைத் தட்டிவிட்டு, வெண்ணெயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக எடுப்பார்கள். தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து, பார்ஸ்லி தூவி, மேலே முறுகிய வெண்ணெயைச் சூடாக ஊற்றினால் சுர்ரென்று நுரைக்கும். அவ்வளவுதான். மசாலா கிடையாது, பூண்டு கிடையாது.

இதில் மயங்க என்ன இருக்கிறது என்று நம் ஆட்கள் கேட்பார்கள், நானும் கேட்டேன். பிறகு ஒருமுறை காசிமேட்டில் வாங்கிய நாக்கு மீனில் செய்து பார்த்தேன். முதல் தடவை வெண்ணெய் கருகி வீடெல்லாம் புகை. இரண்டாவது தடவை பொரிக்க ஒரு வெண்ணெய், ஊற்ற ஒரு வெண்ணெய் என்று பிரித்து வைத்ததும் புரிந்துவிட்டது. நாம் மீனை மசாலாவில் மறைத்து வைக்கிற ஆட்கள். இங்கே மீன் புதிதாக இல்லையென்றால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. (மசாலாவை நான் குறை சொல்லவில்லை, அம்மா படித்தால் சண்டைக்கு வருவார்.)

பாரிஸில் எங்கே குடியிருந்தார்? சொகுசு வாழ்க்கைதானே?

81, ரூ த லுனிவெர்சித்தே. சேன் நதிக்குத் தென்கரையில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கம். தெருப் பெயர் வாயில் நுழையாததால் ரூ த லூ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

சொகுசு என்று சொல்லமுடியாது. போர் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, பொருள்கள் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை, குளிர்காலத்தில் வீடு ஐஸ் பெட்டி. பால் தூதரகத்தில் கண்காட்சிகள் நடத்தும் அதிகாரி, சம்பளம் நடுத்தரம். ஜூலியாவிடம் அம்மா வழியில் வந்த கொஞ்சம் பணம் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பாட்டில் போட்டார்கள் என்பதுதான் சரியான கணக்கு.

மொழி தெரியாமல் சந்தையில் எப்படிச் சமாளித்தார்?

பெர்லிட்ஸ் என்ற மொழிப் பள்ளியில் வகுப்புக்குப் போனார். ஆனால் பேச்சுப் பழகியது ரூ த பூர்கோன் தெருக் கடைகளில். அங்கே காய்கறி விற்ற ஒரு வயதான அம்மாவை எல்லோரும் நாலு பருவத்து மரி என்று கூப்பிடுவார்கள், எந்தப் பருவத்தில் எந்தக் காய், எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவர் சொல்லிக்கொடுத்தது ஏராளம்.

அங்கே கடைக்காரரிடம் அவசரப்படக் கூடாது. வணக்கம் சொல்லவேண்டும், நலம் விசாரிக்கவேண்டும், அப்புறம்தான் வெங்காயம். அமெரிக்காவிலிருந்து வந்த பலர் முறைத்துக்கொண்டு காசை நீட்டிவிட்டு, பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று புகார் சொன்னார்கள். ஜூலியா நின்று பேசினார். பாலாடைக்கட்டிக் கடையில் இன்று மதியத்துக்கா, ராத்திரிக்கா என்று கேட்டுவிட்டு அதற்குத் தகுந்த பழுத்த பதத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். நம்மூரில் வாழைப்பழக் கடையில் "இன்னிக்கா, நாளைக்கா?" என்று கேட்டுச் சீப்பை எடுக்கிற மாதிரியேதான்.

லெ கோர்தோன் ப்ளூ சமையல் பள்ளியில் உண்மையில் என்ன கற்றார்?

1949 அக்டோபரில் சேர்ந்தார். முதலில் இல்லத்தரசிகள் வகுப்பில் போட்டார்கள், இரண்டே நாளில் அது ரொம்பச் சுலபம் என்று தெரிந்தது. அதனால் உணவகத் தொழிலுக்கான வகுப்புக்கு மாறினார். அங்கே உடன் படித்தவர்கள் பதினொரு பேர், எல்லோரும் முன்னாள் அமெரிக்க ராணுவத்தினர், அரசு உதவித்தொகையில் வந்தவர்கள். பெண் இவர் ஒருவர். காலை ஏழரைக்கு அடித்தளத்து அடுப்படியில் வகுப்பு, ஒன்பதரைக்கு முடித்து ஓடிவந்து வீட்டில் பாலுக்கு மதியச் சமையல், மறுபடி இரண்டரையிலிருந்து ஐந்து வரை செய்முறை விளக்கம்.

ஆசிரியர் மாக்ஸ் ப்யூன்யார், எழுபதுகளில் இருந்த பெரியவர், லண்டனில் புகழ்பெற்ற பிரெஞ்சு சமையல் மேதை எஸ்கோஃபியேயின் கீழ் வேலை பார்த்தவர். அவர் கற்றுத்தந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது முட்டை. முட்டைப் பொடிமாஸ்தான், வேறொன்றும் இல்லை. ஜூலியா வழக்கம்போலப் படபடவென்று நுரை வர அடிக்க ஆரம்பித்ததும் பெரியவர் தடுத்துவிட்டார். முட்டையை உடைத்து, உப்பு, மிளகு போட்டு, முள்கரண்டியால் மெதுவாகக் கலந்தால் போதும். வாணலியில் வெண்ணெயைப் பூசி, மிகச் சின்னத் தீயில் முட்டையை ஊற்றிவிட்டுச் சும்மா நிற்கவேண்டும். ஒன்றுமே நடக்காது. இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காது, நமக்கோ கை துறுதுறுக்கும், தீயைக் கூட்டத் தோன்றும். கூட்டக்கூடாது. அப்புறம் திடீரென்று அடியில் திரள ஆரம்பிக்கும், அப்போது சட்டென்று கிளறிக்கொண்டே, அடுப்பின்மேல் வைத்தும் எடுத்தும், குழைவாக இருக்கும்போதே கொஞ்சம் க்ரீம் சேர்த்துச் சூட்டை நிறுத்திவிடவேண்டும்.

நான் செய்கிற முட்டைப் பொடிமாஸ் இரண்டு நிமிடத்தில் ரப்பராகும். இது பாதி பாயசம் மாதிரி வரும். நம் வீட்டில் இதை வேகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அது தனிக் கதை.

தேர்வில் ஃபெயிலானாராமே?

ஆமாம், முதல் தடவை. கடினமான சாஸ்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுப் போனார். வினாத்தாளில் வந்ததோ ஆரம்பநிலைக் கையேட்டில் இருந்த மூன்று எளிய பண்டங்கள்: பாதி வெந்த முட்டை ஒன்று, காகிதத்தில் சுற்றிய கன்றிறைச்சித் துண்டு ஒன்று, கேரமல் புட்டிங் ஒன்று. அளவுகள் ஜூலியாவுக்கு நினைவில் இல்லை. கோபத்தில் அடித்தளத்துக்கு இறங்கிப் போய் மூன்றையும் தானே சரியாகச் சமைத்துத் தானே சாப்பிட்டார். பிறகு மறுபடி எழுதி, 1951-இல் சான்றிதழ் வாங்கிவிட்டார்.

பாத்திரப் பைத்தியம் என்று கேள்விப்பட்டேன்.

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ப்யூன்யார் அவரைத் தெயில்ரான் என்ற கடைக்குக் கூட்டிப்போனார். பழைய லெ ஆல் மொத்தச் சந்தைக்குப் பக்கம், 1820-இல் தொடங்கிய கடை, தாமிரப் பாத்திரமும் கத்தியும் கூரைவரை தொங்கும். அந்தச் சந்தை 1969-இல் நகருக்கு வெளியே ரன்ஜீஸுக்குப் போய்விட்டது, கடை அங்கேயே இருக்கிறது. பழைய பொருள் சந்தையில் ஒரு பெரிய பளிங்கு உரலையும் உலக்கையையும் கண்டு அடம்பிடித்து வாங்கினார், அதைத் தூக்கிக்கொண்டு கார்வரை போனவர் பாவம் பால். மீனை இடித்துக் கொழுக்கட்டை மாதிரி பிடித்து வேகவைக்கிற கனெல் செய்வதற்கு அது. மிக்ஸி காலத்துக்கு முந்தைய வேலை எல்லாம் எந்த ஊரிலும் உரலில்தான் போய் நிற்கிறது.

அந்தப் புத்தகம் எப்படி வந்தது? ஏன் அத்தனை வருடம்?

சிமோன் பெக், லூயிசெத் பெர்தோல் என்று இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் அமெரிக்கர்களுக்காக ஒரு சமையல் நூல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜூலியாவுக்கு அவர்கள் ஒரு பெண்கள் சாப்பாட்டுச் சங்கத்தின் மூலம் பழக்கம். 1952 ஜனவரியில் மூவரும் ஜூலியா வீட்டு அடுப்படியிலேயே ஒரு சமையல் பள்ளி தொடங்கினார்கள். நூலுக்கு ஓர் அமெரிக்கக் கண் தேவைப்பட்டது, அந்த வேலையும் ஜூலியாவிடம் வந்தது.

அவர் வந்ததும் வேலை சுருங்கவில்லை, பெருத்தது. "கொஞ்சம் மாவு போட்டு, பதம் பார்த்து இறக்கவும்" என்று நம் பாட்டிகள் மாதிரியேதான் அவர்களும் எழுதியிருந்தார்கள். எவ்வளவு கொஞ்சம்? என்ன பதம்? ஜூலியா ஒவ்வொன்றையும் அளந்து, செய்து, கெடுத்து, மறுபடி செய்தார். பிரான்சின் மாவும் அமெரிக்க மாவும் ஒன்றில்லை என்று தெரிந்ததும், தூதரகக்காரர்களுக்கான கடையிலிருந்து அமெரிக்க மாவை வாங்கிவந்து அதில் செய்து பார்த்தார். அமெரிக்காவில் சிலருக்கு ரெசிபிகளை ரகசியம் என்று குறித்துத் தபாலில் அனுப்பிச் சோதிக்கச் சொன்னார், பழைய ஆபீஸ் புத்தி போகவில்லை. அந்தத் தபால் தோழிகளில் முக்கியமானவர் ஏவிஸ் டிவோட்டோ. அவர் கணவர் பத்திரிகையில் அமெரிக்கக் கத்திகளைத் திட்டி எழுதியதைப் படித்துவிட்டு ஜூலியா ஒரு பிரெஞ்சுக் கத்தியை அனுப்ப, பதில் எழுதியது ஏவிஸ். அப்படித் தொடங்கிய கடிதப் போக்குவரத்து.

1954-இல் ஒரு பதிப்பகத்தோடு ஒப்பந்தம் ஆனது, முன்பணம் 750 டாலர். சில பிரிவுகள் மட்டுமே எழுநூறு பக்கம் வந்ததும் அவர்கள் மிரண்டார்கள். சுருக்கி, மாற்றி எழுதிக் கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசியில் நாஃப் பதிப்பகத்தில் இருந்த இளம் ஆசிரியர் ஜூடித் ஜோன்ஸ், தானும் பாரிஸில் வாழ்ந்து சாப்பிட்டவர், தன் வீட்டில் சமைத்துப் பார்த்துவிட்டு இதை விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டார். 1961 அக்டோபரில் வெளிவந்தது. அதற்குள் சைல்ட் தம்பதி பாரிஸ், மார்செய், ஜெர்மனி, வாஷிங்டன், ஆஸ்லோ என்று மூட்டை கட்டி முடித்திருந்தார்கள்.

ஜூலியா எதையும் "ஏன்" என்று கேட்டதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

பேர் ப்ளான், அதாவது வெள்ளை வெண்ணெய் சாஸ். மேற்கு பிரான்சின் நாந்த் நகரத்துப் பக்கத்துப் பண்டம், மீனுக்கு ஊற்றுவது. பாரிஸில் மேர் மிஷெல் என்ற சின்ன உணவகத்தில் இது பிரசித்தம், ஜூலியா அங்கேயே அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். சின்ன வெங்காயம் மாதிரியான ஷாலட்டைப் பொடியாக நறுக்கி, வெள்ளை ஒயினும் வினிகரும் ஊற்றிச் சுண்டவைப்பார்கள். ஒரு கரண்டி அளவுக்கு வற்றியதும் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். வெண்ணெய் உருகி எண்ணெயாகப் பிரிய வேண்டியதுதானே? பிரியாது. க்ரீம் மாதிரி வெள்ளையாக நிற்கும். ஏன்? அடியில் புளிப்பு, தீ மெலிசு, வெண்ணெய் குளிர்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது, இந்த நாலும் சேர்ந்தால்தான். ஒன்றைத் தவறவிட்டால் நெய்க் குளம். கைப்பக்குவம் என்று விட்டுவிடாமல் இதை அக்குவேறு ஆணிவேறாக எழுதி வைத்ததுதான் அந்த நூலின் மதிப்பு.

மார்செயில் தக்காளிச் சண்டை என்றால் என்ன?

1953-இல் பாலைத் தெற்கு பிரான்சின் துறைமுக நகரமான மார்செய்க்கு மாற்றினார்கள், பழைய துறைமுகத்தைப் பார்த்த வீடு, கீழே படகுகள். ஊர்ப் பெருமையே பூயாபேஸ் என்ற மீன் குழம்பு. ஜூலியா விசாரித்தார். அதில் தக்காளி போடவே மாட்டோம் என்று உள்ளூர்க்காரம்மா ஒருவர் அடித்துச் சொன்னார். சந்தேகப்பட்டு, அந்தத் தெற்குப் பகுதியான ப்ரொவான்ஸின் பழைய சமையல் நூலைப் புரட்டினால் தக்காளி இருக்கிறது. உள்ளூர் அதிகாரம் என்பது பாதி அறிவு, பாதி வீறாப்பு என்று அவருக்குப் புரிந்த இடம் அது. பிரியாணியில் உருளைக்கிழங்கு சேருமா சேராதா என்று நாம் போடுகிற சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிவியில் கோழியைத் தரையில் போட்டு எடுத்தார் என்பது?

பொய். விழுந்தது உருளைக்கிழங்கு அடை, விழுந்த இடம் அடுப்பு மேடை. திருப்பிப் போடும்போது சிதறியது, அள்ளிச் சேர்த்துவிட்டு, அடுப்படியில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற மாதிரி சொன்னார்.

பாரிஸ் ரொட்டியை அமெரிக்க அடுப்பில் செய்ய முடிந்ததா?

முடிந்தது, ஆனால் 284 பவுண்டு மாவு தீர்ந்தது, கிட்டத்தட்ட 129 கிலோ. 1970-இல் வந்த அந்த நூலின் இரண்டாம் பாகத்துக்காக. கணவர் பாலும் சேர்ந்து பிசைந்து சுட்டார். சரியாக வராமல், ரொட்டிப் பேராசிரியர் ரேமோன் கால்வெலிடம் பாரிஸில் நேரில் போய்க் கற்ற பிறகுதான் மேல்தோல் மொறுமொறுவென்று வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கொண்டாடுகிறார்களா?

அரசு 2000-இல் லெஜியோன் தொனேர் என்ற பிரான்சின் உயரிய விருதைக் கொடுத்தது. சாதாரண ஆட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இட்லி எப்படிச் செய்வது என்று ஓர் அமெரிக்கர் அமெரிக்கர்களுக்கு எழுதிய நூலை நாம் எதற்குப் படிக்கப் போகிறோம்?

இப்படி வாழ்ந்த அமெரிக்கர் இவர் மட்டும்தானா?

இல்லை. சாப்பாட்டு எழுத்தாளர் எம்.எஃப்.கே. ஃபிஷர் 1929-லேயே பிரான்சின் திஜோன் நகரத்துக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார், எழுதியது பிறகு. அயோவாக்காரரான ரிச்சர்ட் ஆல்னி 1951-இல் பிரான்சுக்கு வந்து ப்ரொவான்ஸ் மலைச்சரிவில் தனியாக ஒரு வீட்டில் சமைத்து வாழ்ந்து அங்கேயே 1999-இல் இறந்தார். சாப்பாட்டில் அவர் ஜூலியாவைவிட ஆழம் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் அதில் பாதி சம்மதம். ஆனால் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தருகிற குணம் ஜூலியாவுக்குத்தான்.

கடைசிவரை பிரான்சிலேயே இருந்தாரா?

இல்லை, 1961-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் குடியேறினார். ஆனால் அறுபதுகளின் நடுவில் தெற்கு பிரான்சின் கிராஸ் நகருக்குப் பக்கம் ப்ளாஸ்காஸியே கிராமத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார்கள், பெயர் லா பிட்சூன். நிலம் சிமோன் பெக்கின் கணவர் குடும்பத்துடையது. பத்திரம் கித்திரம் எதுவும் இல்லை, வேண்டியவரை இருங்கள், வேண்டாதபோது திருப்பிக் கொடுங்கள் என்று வாய்ப்பேச்சு. அடுப்படிச் சுவரில் துளைப்பலகை அடித்து, எந்தப் பாத்திரம் எங்கே என்று பால் ஒவ்வொன்றுக்கும் சுற்றுக்கோடு வரைந்து வைத்தார். முப்பது வருடம் கொஞ்சம் குறைய வந்து போனார்கள். பாலுக்கு உடம்பு முடியாமல் போனது, 1991 டிசம்பரில் சிமோனும் இறந்தார். 1992-இல் ஜூலியா போய் ஒருமுறை சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வீட்டைப் பேச்சுப்படி அந்தக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். சுவரில் அந்தக் கோடுகள் அப்படியே இருந்தன.